ஹார்ட்லேண்ட்: நாவல் வரிசையும் தொலைக்காட்சித் தொடரும் (விவாத இழை)

குளம்போசை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே கதை முழுக்க உடைபடும். 14ஆவது சீசன் வரை பார்க்காதவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடுவது நல்லது.

கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் 2007 அக்டோபரில் தொடங்கிய குதிரைப் பண்ணைத் தொடர் ‘ஹார்ட்லேண்ட்’ இங்கே பலருக்குத் தெரியும். அதற்கு மூலமான நாவல்களைப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். லாரன் ப்ரூக் என்ற பெயரில் 2000-லிருந்து வந்தவை அவை. முதன்மை வரிசையில் 20 புத்தகங்கள், அதற்கு வெளியே சில சிறப்பு வெளியீடுகள். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியவை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

“புத்தகம்தான் உசத்தி” என்று புலம்ப இந்த இழையைத் தொடங்கவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: தொடர் எடுத்துக்கொண்டது முதல் புத்தகத்தின் விபத்தை மட்டும். புயல் இரவு, கைவிடப்பட்ட ஸ்பார்ட்டன் என்ற ஆண்குதிரை, அதை ஏற்றிவரும் டிரெய்லர், அம்மா மரியனின் சாவு, ‘நான் பிடிவாதம் பிடித்ததால்தானே அம்மா அந்த மழையில் கிளம்பினாள்’ என்று கதாநாயகி எமியை அரிக்கும் குற்ற உணர்வு. அதற்குப் பிறகு ஓடுவது வேறு கதை. கதையை அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து பிடுங்கி கனடாவின் ஆல்பர்ட்டாவில் நட்டபோதே அது வேறு செடியாகிவிட்டது.

நாவலில் வரும் வர்ஜீனியாவை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மிகப் பழைய குதிரைக் காட்சிப் போட்டி, அப்பர்வில் போட்டி, 1853-லிருந்து அந்த மாநிலத்தில்தான் நடக்கிறது. தடை தாண்டும் போட்டி, மினுக்கிய பூட்ஸ், பிடரியைப் பின்னிவிட்ட குதிரைகள் என்று ஒரு உலகம். அங்கே பரிசு ரிப்பன் வாங்கும் வரைக்கும்தான் குதிரைக்கு மரியாதை. அந்த உலகத்தின் ஓரத்தில், அடிபட்டதையும் மிரண்டதையும் வாங்கித் தேற்றுகிற சின்ன இடம்தான் ஹார்ட்லேண்ட். பக்கத்திலேயே எமியின் எதிராளி ஆஷ்லியின் அம்மா நடத்தும் கிரீன் பிரையர், பணக்காரப் பயிற்சிக்கூடம். குதிரையை அடக்குவதா, கேட்பதா என்ற சண்டை இந்த இரண்டு வேலிகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று?

ஆல்பர்ட்டாவுக்கு வந்ததும் ஹார்ட்லேண்ட் மாட்டுப் பண்ணையாகிறது. ராக்கி மலை அடிவாரம், ரோடியோ என்ற மாடு, குதிரை அடக்கும் போட்டி, பரம்பரை நிலம். இப்போது கேள்வி ‘இந்த நிலத்தைக் காப்பாற்ற முடியுமா, இந்தக் குடும்பம் ஒட்டுமா?’ என்று ஆகிவிட்டது. குதிரை அந்தக் கேள்விக்குத் துணைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நிழல்வாசி:

குளம்போசை அண்ணா, இடம் மாறியதை நீங்கள் நஷ்டக் கணக்கில் எழுதுறீங்க. நான் லாபக் கணக்கில் எழுதுவேன். தொடரைப் பார்த்துட்டுத்தான் புத்தகத்துக்கு வந்தேன், அதனால என் கண் வேற மாதிரி பார்க்குது.

எமியோட ஜோடி டையை எடுத்துக்குங்க. நாவலில் அவன் டை பால்ட்வின். பள்ளிப் படிப்பை விட்டுட்டு ஏற்கெனவே ஹார்ட்லேண்டில் வேலை பார்க்கிறவன். மரியன்கிட்ட நேராகக் கற்றவன், எமிக்கு இருக்கிற துக்கம் அவனுக்கும் உண்டு. நல்ல பையன், பொறுமைசாலி, குறையே இல்லை. அதுதான் பிரச்சினை! தொடரில் அவன் டை போர்டன். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தவன். அவனுக்கு வேலைக்கு ஏற்பாடு பண்ணினது மரியன். அவன் வந்து சேரும்போது மரியன் இல்லை. தன்னைக் கூப்பிட்டவள் செத்துப்போன வீட்டு வாசலில், யாருக்கும் வேண்டாதவனா நிக்கிறான். தாத்தா ஜாக் அவனை ஏற இறங்கப் பார்க்கிற அந்தப் பார்வை இருக்கே, அதிலேயே பாதிக் கதை சொல்லியாச்சு.

மிரண்ட குதிரைகளுக்கு நடுவில மிரண்ட ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டது தொடர்காரங்களோட சொந்தச் சரக்கு. மூலத்தை விட இது பலமான தொடக்கம்னு சொல்றதுக்கு எனக்குத் தயக்கமே இல்லை.

அரைப்பக்கம்:

டைக்குக் குறையே இல்லையா? அந்தக் குறை ஒண்ணு போதாதா, பன்னிரண்டு வயசில் நாங்க எல்லாம் விழுந்ததுக்கு.

குளம்போசை:

நிழல்வாசி, டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு ஈடாக என்ன போயிற்று என்றும் பாருங்கள். நாவலில் மரியனின் வேலைமுறை செத்துப்போகாமல் இரண்டு பேர் கையில் மிஞ்சுகிறது, எமி கையிலும் டை கையிலும். இருவரும் சேர்ந்து ‘மரியன் இருந்தால் இதற்கு என்ன செய்திருப்பாள்?’ என்று யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு குதிரையையும் தொடுகிறார்கள். சில நேரம் தப்பாகப் போகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அது கற்றுக்கொண்ட தொழில்.

தொடரில் டைக்கு எதுவும் தெரியாது, ஜாக்குக்கு மாடும் ரோடியோவும்தான். அதனால் எல்லாம் எமி தலையில் விழுகிறது, கூடவே அது பிறவி வரமாகவும் ஆகிவிடுகிறது. ஊரே அவளை ‘அதிசயப் பெண்’ என்று கூப்பிட ஆரம்பிக்கிறது. கற்றுக்கொண்ட ஒருத்தியைக் கதாநாயகியாகப் பார்ப்பதற்கும் வரம் பெற்ற ஒருத்தியைப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாமவளைப் பார்த்து ஒரு சிறுமி ‘நானும் செய்யலாம்’ என்று நினைப்பாள்.

கடிவாளம்:

இங்கே யாரும் குதிரைப் பக்கத்திலிருந்து பேசவில்லை, நான் பேசுகிறேன். லாயத்தில் வேலை பார்த்தவன், நாவலும் படித்திருக்கிறேன், தொடரும் ஏழெட்டு சீசன் பார்த்திருக்கிறேன்.

நாவலில் மரியனின் முறை என்று வருவது மூன்று சமாச்சாரங்களின் கலவை. ஒன்று, மாண்டி ராபர்ட்ஸ் பிரபலப்படுத்திய ‘ஜாயின் அப்’. இரண்டு, லிண்டா டெலிங்டன் ஜோன்ஸின் ‘டி டச்’, அதாவது விரல் நுனியால் குதிரையின் தோலை ஒன்றேகால் வட்டமாக மெதுவாக நகர்த்துவது. மூன்று, எட்வர்ட் பாக் 1930களில் உருவாக்கிய 38 பூச்சாறு மருந்துகள். இந்த மூன்றாவதைப் பற்றி ஒரே வரி: சோதனைகளில் அது வெறும் தண்ணீருக்கு மேல் எதையும் செய்து காட்டவில்லை. நாவல்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகின்றன. தொடர் இதை அடக்கி வாசித்தது, நல்ல வேலை செய்தார்கள்.

ஜாயின் அப் விஷயம்தான் சுவாரசியம். வட்ட அடைப்புக்குள் குதிரையை அவிழ்த்துவிட்டு, தோளை நேராக வைத்து, கண்ணுக்குக் கண் பார்த்து, நீளக் கயிற்றை அதன் பின்பக்கமாக வீசி ஓடவிட வேண்டும். சில சுற்று ஓடியதும் உள்பக்கக் காது நம் மேல் நிலைக்கும், அந்தக் காது மட்டும். பிறகு வட்டம் சின்னதாகும். அப்புறம் நாக்கால் உதட்டை நக்கி, வாயில் எதுவும் இல்லாமலே மெல்லும். கடைசியில் தலை தாழ்ந்து மூக்கு மண்ணை உரசும். அந்த நேரத்தில் கண்ணைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி, முதுகைக் காட்டி நின்றுவிட வேண்டும். குதிரை வந்து தோளுக்குப் பின்னால் நிற்கும், நடந்தால் கூடவே நடக்கும்.

நாவல் இந்த வரிசையை ஒன்று விடாமல் எழுதுகிறது. எமி எதற்காகக் காத்திருக்கிறாள் என்று வாசகருக்குத் தெரியும், அதனால் காது திரும்பும்போது நமக்கும் மூச்சு நின்றுபோகும். தொடரில் இரண்டு நிமிடத்தில், பின்னணி கித்தாரோடு முடிந்துவிடும். திரையில் மிரண்டு முரண்டு பிடிப்பது நன்றாகப் பழக்கிய நடிப்புக் குதிரை என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே குதிரை என்று நாம் நம்புவதும் பெரும்பாலும் இரண்டு மூன்று குதிரைகள். பாய்வதற்கு ஒன்று, அசையாமல் முகம் காட்ட ஒன்று.

இன்னொன்று. நாவல்களும் தொடரும் இதைக் குதிரை நம்மை ‘நம்பி வருவது’ என்றே சொல்கின்றன. 2012-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆளுக்குப் பதில் ஒரு ரிமோட் காரை அடைப்புக்குள் விட்டுப் பார்த்தார்கள். துரத்துவது, குதிரை நாம் விரும்பியதைச் செய்தவுடன் துரத்தலை நிறுத்துவது, இவ்வளவுதான் கார் செய்தது. குதிரைகள் காரின் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன! அப்படியென்றால் வேலை செய்வது நெருக்கடியும் அதிலிருந்து கிடைக்கும் விடுதலையும்தான். பாசம் பிறகு வந்தால் வரும்.

அரைப்பக்கம்:

எமிக்குப் பதிலா ரிமோட் கார். இத்தனை சீசன் சம்பளம் மிச்சம்.

வெண்சாமரம்:

கடிவாளம் சார், அருமையான விளக்கம். ஆனா “இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்”னு சொன்னதை ஒத்துக்க மாட்டேன். கேமரா செய்யிற ஒரு வேலையை எழுத்தால செய்ய முடியாது. எமியா நடிக்கிற ஆம்பர் மார்ஷல் நிஜத்திலேயே குதிரைக்காரி, ஆல்பர்ட்டாவில் பண்ணை வச்சிருக்கிறவங்க. அவங்க தலைக்கயிறு மாட்டும்போது கையைப் பாருங்க, முதல்ல கழுத்துல ஒரு தடவல், அப்புறம்தான் கயிறு. வசனம் பேசிக்கிட்டே, கையைப் பார்க்காமலே செய்வாங்க. “எமிக்கு இது கைவந்த கலை”னு நாவல் பத்து தடவை எழுதினாலும் அந்தக் கை வராது.

நான் பேச வந்தது லூ பத்தி. யாருமே அவளைத் தொடலையே! நாவல்ல லூ நியூயார்க் வங்கி வேலையை விட்டுட்டு வர்ற அக்கா, கணக்கு வழக்கைச் சீர் பண்றவ. அவளுக்கு அப்பா மேல அடங்காத ஏக்கம். குடும்பம் முன்னாடி இங்கிலாந்தில இருந்துச்சு, அப்பா டிம் பெரிய தடை தாண்டும் வீரர், பெகாசஸ் அவரோட குதிரை. விபத்துக்கப்புறம் குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். மரியன் எமியோட வர்ஜீனியாவுக்கு வந்துட்டாங்க, லூ அங்கேயே உறைவிடப் பள்ளியில தங்கிட்டா. அதனால அக்காவுக்கும் தங்கைக்கும் அப்பாவே வேற வேற ஆள். ஒருத்திக்கு அவர் திரும்பி வரவேண்டியவர், இன்னொருத்திக்கு ஓடிப்போனவர். புத்தகங்கள்ல எனக்குப் பிடிச்ச சண்டைகள் எல்லாம் இந்த ரெண்டு பேரோடதுதான்.

தொடர்ல டிம் ரோடியோ வீரர். திரும்பி வந்து பக்கத்திலேயே பண்ணை வாங்கி, தினமும் சமையலறைக் கதவைத் தட்டாம திறந்துக்கிட்டு வந்து ஜாக்கோட காபியை ஊத்திக்கிறார். ஜாக்கும் டிம்மும் முறைச்சுக்கிறது நல்ல நகைச்சுவைதான், நானும் சிரிச்சேன். ஆனா நாவல்ல அவர் ஆஸ்திரேலியாவில வேற மனைவி, குழந்தைன்னு தூரத்துல இருப்பார். அந்தத் தூரம் வலிச்சுது. ஒரு அப்பா ஓடிப்போனதை, அவர் தினம் காபிக்கு வர்ற மாதிரி வச்சு எப்படிப் பேச முடியும்?

நிழல்வாசி:

பேச முடியும் அக்கா. தினம் வர்ற ஆளை மன்னிக்கிறதுதான் கஷ்டம். ஆஸ்திரேலியாவில இருக்கிறவரை ஒரு கடிதத்துல மன்னிச்சுடலாம்.

ஸ்காட் பத்தியும் சொல்லணும். நாவல்ல கால்நடை மருத்துவர் ஸ்காட் ட்ரூயின், லூவுக்கு இணை அவர்தான். தொடர்ல அவர் ஸ்காட் கார்டினல். பூர்வகுடிப் பின்னணி, நடிச்சவர் நதானியேல் ஆர்கண்ட். ஆல்பர்ட்டாவைக் களமா எடுத்துக்கிட்டா அந்த மண்ணோட மக்கள் இல்லாம எப்படி? இது நல்ல மாற்றம். ஆனா பாதியில லூவை எண்ணெய்க் கம்பெனி பீட்டருக்குக் கட்டிவச்சு, ஸ்காட்டை எப்பவாவது ஊசி போட வர்றவரா ஆக்கிட்டாங்க. ஆல்பர்ட்டாவில எண்ணெய்ப் பணம் எதையெல்லாம் வாங்கும்னு காட்டணும்னா சரி, ஆனா அவங்க அதைக் காட்டலையே. பீட்டரை அழகா, நல்லவரா வச்சாங்க, பிறகு விவாகரத்து பண்ணவச்சாங்க.

புதுத்தடம்:

வணக்கம். நாலாவது சீசன் பார்த்துக்கிட்டிருக்கேன். தேடினப்போ நேரா கடிவாளம் சார் எழுதின பதிவுக்கு வந்தேன், மேலே முதல் பதிவுல ஒரு வரிதான் கண்ணுல பட்டுச்சு. “14ஆவது சீசன்”னு ஏதோ பேசுறீங்க, யாருக்கு என்ன ஆச்சு?

அரைப்பக்கம்:

ஒண்ணும் ஆகலை தம்பி. எல்லாரும் நல்லா இருக்காங்க. போய்ப் படு.

குளம்போசை:

(புதுத்தடம், இனி கீழே படிக்காதீர்கள்.)

டையின் சாவுக்கு வந்தே ஆக வேண்டும். டையாக நடித்த கிரகாம் வார்டில் தொடரை விட்டு விலக முடிவெடுத்தார், அதனால் 2021 ஜனவரியில் 14ஆவது சீசன் முதல் அத்தியாயத்தில் டை சாகிறான். முந்தைய சீசன் முடிவில் பட்ட குண்டுக் காயத்தின் பின்விளைவாக ரத்தக் கட்டி. அன்று சமூக ஊடகங்களில் எழுந்த கோபத்தில் பாதிப் பேர் எழுதியது “மூலத்துக்குத் துரோகம்” என்று. மூலத்தில் டை பிழைத்திருக்கிறான் என்பது உண்மை. ஒரு புயலில் கொட்டகை இடிந்து விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறான், ஆனால் எழுந்து வருகிறான்.

எனக்கு அந்தச் சாவு துரோகமாகப் படவில்லை. அதுவரைக்கும் தொடர் செய்த எதையும் விட அதுதான் நாவலுக்குப் பக்கத்தில் வந்தது. மறுபடியும் எமி ஒரே நொடியில் எல்லாம் போய் நிற்கிறாள், மறுபடியும் காலையில் எழுந்து குதிரைக்குத் தீனி வைத்தே ஆக வேண்டும். நாவல்களின் உயிர் அந்த ‘ஆக வேண்டும்’தான். துக்கம் யாருக்காக நின்றாலும் தீவனத் தொட்டி நிற்காது. 14ஆவது சீசனின் முதல் சில அத்தியாயங்களில் வசனம் குறைந்தது, லாயம் திரும்பி வந்தது.

கடிவாளம்:

ஒத்துக்கொள்கிறேன். ஆறாவது சீசன் தொடக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை உதைத்து எமிக்குத் தற்காலிகமாகப் பார்வை போகிறதே, அந்தப் பகுதி. கண் இல்லாததால் அவள் குதிரையின் மூச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதிசயப் பெண்ணின் அதிசயம் பிடுங்கப்பட்டு, தொழில் மட்டும் மிஞ்சுகிறது.

வெண்சாமரம்:

இன்னொரு வித்தியாசம் யாரும் சொல்லல: நேரம். 20 புத்தகமும் எமியோட பதினஞ்சு வயசுல தொடங்கி அவ பள்ளி முடிக்கிற வரைக்கும்தான். தொடர் அப்படி நிக்க முடியாது, நடிக்கிறவங்களுக்கு வயசாகுதே. கல்யாணம், குழந்தை லிண்டி, லூ மேயர் ஆகிறது, எல்லாம் அதனாலதான். மூலத்துல இல்லாத சின்னப் பொண்ணுங்க, முதல்ல மேலரி, பிறகு ஜார்ஜி, வர்றதும் அதனாலதான். எமி வளர்ந்துட்டா, குதிரைப் பைத்தியமா ஒரு குட்டி தேவைப்பட்டுச்சு. இதைக் குறை சொல்லல. மேலரி வாயாடுறதை நாவல்ல எங்க தேடுறது! அவ இல்லாம முதல் மூணு சீசன் அழுமூஞ்சியாப் போயிருக்கும்.

நிழல்வாசி:

நாவலாசிரியர் பத்தி ஒரு தகவல். லாரன் ப்ரூக்னு ஒரு ஆளே கிடையாது, அது பொதுப் புனைபெயர். வொர்க்கிங் பார்ட்னர்ஸ்னு லண்டன் நிறுவனம் கதைக்கரு போட்டு எழுதவச்ச வரிசை, லிண்டா சாப்மேன் முக்கியமா எழுதினவர்கள்ல ஒருத்தர். அதனால “மூல ஆசிரியரின் ஆன்மா”ன்னு ரொம்ப உருக வேண்டாம். அதுவும் தொடர் மாதிரியே ஒரு மேசையைச் சுத்தி உட்கார்ந்து திட்டம் போட்டதுதான்.

குளம்போசை:

தெரியும். அதனால் என்ன? திட்டம் போட்டவர்கள் குதிரையை நடுவில் வைத்துத் திட்டம் போட்டார்கள்.

எனக்குக் கடைசியாக ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாவல்களின் கடைசிப் பகுதியில் எமி கால்நடை மருத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் போக முடிவெடுக்கிறாள். ஹார்ட்லேண்டை விட்டுப் போவதா என்று தவிக்கிறாள், டை அங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறான். அம்மாவின் முறை போதாத இடங்கள் உண்டு, எலும்புக்கும் குடலுக்கும் பரிவு மட்டும் பத்தாது என்று அவளே உணர்ந்து எடுக்கும் முடிவு அது. தொடர் என்ன செய்தது? அந்தப் படிப்பை அப்படியே தூக்கி டையிடம் கொடுத்தது. அவன் மருத்துவர் ஆகிறான், அவள் வரத்தோடு வீட்டில் இருக்கிறாள். ஆணுக்கு அறிவியல், பெண்ணுக்கு உள்ளுணர்வு. ஆல்பர்ட்டாவுக்குப் போனதையும் ரோடியோவையும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

நிழல்வாசி:

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. டையோட கதைக்கு அது தேவைப்பட்டுச்சு, கண்காணிப்பில வந்த பையன் டாக்டர் ஆகிறது அழகான கதைப்போக்கு. ஆனா அதுக்காக எமிகிட்டேருந்து எடுத்திருக்க வேண்டாம், ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம்.

வெண்சாமரம்:

ரெண்டு பேரும் படிக்கப் போனா தொழுவத்தை யார் கூட்டுறது? ஜாக்கா?

கடிவாளம்:

படிக்கத் தொடங்குபவர்களுக்கு: முதல் மூன்று புத்தகத்தையும் சேர்த்தே எடுங்கள், ஒரே கதையின் மூன்று துண்டு அவை. ஸ்பார்ட்டனுக்காகத் தொடர் பார்த்தவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளவும். தொடரில் அவன் எமியின் குதிரையாகவே ஆண்டுக்கணக்கில் இருக்கிறான், நாவலில் அவ்வளவு காலம் இருப்பதில்லை. அங்கே அவளுடைய சொந்தக் குதிரை சன்டான்ஸ், கடுகடுப்பான குட்டை ஜாதி. யாரையும் பக்கத்தில் விடாது, எமியை மட்டும் விடும்.

அரைப்பக்கம்:

சன்டான்ஸுக்கு ஒரு தனித் தொடர் எடுத்தா நான் சந்தா கட்டுறேன்.